ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மேசை

“மூணு வருசம் டிப்ளமா படிச்சது ஒரு மேசை செய்யவா தாயி?” என்று குருசாமி அண்ணாச்சி கேட்டார். கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த மரப் பட்டறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார். எந்த அறைக்கு எந்தச் சாவி, எந்தக் கடையில் எந்தப் பிளைவுட், அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது. அதைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இது வேறு. இந்த மாதிரி விஷயங்களை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு இருபத்தேழு வயதுதான். ஆனால் ஐந்து வருடத்தில் இங்கே நான் செய்த தவறுகளைக் கூட்டிப் பார்த்தால் ஓய்வுக்குத் தகுதி வந்துவிட்டதாகவே படுகிறது. முதலாளி படித்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் எதையும் அவர் படிப்பதில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வகுப்பறையை உள்ளே போய்ப் பார்த்ததே ஓட்டுப் போடப் போனபோதுதான். அதனால் நான் வரையும் படங்களின் மூலையில் என் பெயரையும் படிப்பையும் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன். மேசையைவிடப் பெயர் பெரிதாக இருக்கிறது என்று செல்வராஜ் அண்ணன் சொல்லித் திரிந்தது மிகை.

செல்வராஜ் அண்ணன்தான் நம் ரம்ப மிஷினை ஓட்டுகிறவர். முன்னால் நின்று பலகையைத் தள்ளுவார். அறுபட்ட பலகை ரம்பத்தைத் தாண்டிப் பின்பக்கமாக வெளியே வரும். இன்று அங்கே அதைத் தாங்க ஒரு மேசை இருக்கிறது. அன்று ஒன்றும் கிடையாது. ஒன்றும் கிடையாது என்று சொன்னால் பொய். குருசாமி அண்ணாச்சி இருந்தார். அவர் வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு இங்கே வந்தவர். பதினோரு வருடமாக மிஷினுக்குப் பின்னால் நின்று, வருகிற பலகையைக் கையில் பிடிப்பதுதான் அவர் வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு சர்ச்சுக்கு பெஞ்சு செய்யும் வேலை வந்தது. சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முன்னால் முடித்துத் தர வேண்டும். எல்லாம் எட்டடிப் பலகை. ஒரு நாள் மதியம், பாதிக்கு மேல் அறுத்த பலகை நுனியில் தொங்கியது. அண்ணாச்சி தூக்கிப் பிடித்தார். தூக்கியது ஒரு விரற்கடை அதிகம். பலகை ரம்பத்தைக் கவ்வ, ரம்பம் அதைத் தூக்கி முன்னால் எறிந்தது. செல்வராஜ் அண்ணனின் சட்டை கிழிந்து, இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. நான்கு விரல் தள்ளி வயிற்றில் பட்டிருந்தால் இன்று நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

“அய்யனாரு காப்பாத்திட்டாரு” என்றார் முதலாளி. எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் போய் டீ வாங்கி வந்தார். பிறகு மிஷினைப் போட்டார்கள்.

அய்யனாருக்கு மேற்கு மலை முழுவதும் ஏற்கெனவே காவல் வேலை இருக்கிறது. நம் ரம்பத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது. பின்னால் ஒரு மேசை போட்டுவிட்டால் பலகை தொங்காது, யாரும் தூக்கவும் வேண்டாம். மேசைக்குக் கீழே சும்மா கிடக்கும் இடத்தில் ட்ராயர் வைத்தால், பட்டறை முழுவதும் சாக்கிலும் வாளியிலும் சிதறிக் கிடக்கும் கீல், கொண்டி, ஸ்க்ரூ எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும். அன்று சாயங்காலமே வரைந்தேன். பதினெட்டு ட்ராயர். பின்பக்கம், தரையோடு ஒட்டி, பழைய ரம்பப் பிளேடுகளைப் போட, கொண்டி வைத்த ஒரு சின்ன அறை.

“மிச்சப் பலகையில செய்யி. பெஞ்சு வேலை ஒரு நாளும் நிக்கக் கூடாது” என்றார் முதலாளி. குருசாமி அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்கு மறுநாள். படிப்பைக் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் அது தன் படிப்பைப் பற்றித்தான் என்று தோன்றும்.

மேசை ஒரு வாரத்தில் முடிந்தது. ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்தேன். குமிழி நடுவில் வந்து நின்றுகொண்டது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் பலகையை செல்வராஜ் அண்ணன் தள்ளினார். அது ரம்பத்தைத் தாண்டி, வாசல் பக்கம், மேசையின் இடது விளிம்பில் முட்டி நின்றது.

இந்தப் பட்டறை முன்பு நூலுக்குச் சாயம் போட்ட இடம். தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் தரை சரிந்திருக்கும். மிஷினும் அந்தச் சரிவோடுதான் நிற்கிறது. என் மேசை மட்டும் ஊரிலேயே நேரான பொருளாக அதன் பின்னால் நின்றது.

“மேசை சரியாத்தான் இருக்கு. மிஷின்தான் கோணல்” என்றேன். ரசமட்டத்தை மறுபடியும் வைத்துக் காட்டினேன்.

அண்ணாச்சி ஒரு நீளச் சட்டத்தை எடுத்து மிஷினுக்கும் மேசைக்கும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “பூமிக்குச் சரியாத்தான் இருக்கு தாயி. ஆனா பலகை பூமி மேலயா போவுது? மிஷின் மேலல்லா போவுது.”

எல்லோர் முன்னாலும் என் மேசையின் கால்களை நானே அறுத்தேன். மிஷினின் சரிவுக்கே மேசையையும் சரித்து, அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கீழே இறக்கி வைத்தேன். அதன் பிறகு பலகை எண்ணெய் போட்ட மாதிரி போயிற்று. புத்தகத்தில் சரி என்று இருப்பதை விட்டுக்கொடுக்க மனம் வராது. பக்கத்தில் நிற்கும் பொருளுக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அன்று இரண்டு மணி நேரமும் நான்கு கால்களும் செலவாயின.

அடுத்த தொல்லை எதிர்பாராதது. காலியான, தட்டையான ஒரு இடத்தை நம் ஊரில் யாரும் காலியாக விட மாட்டார்கள் என்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் நாள் மேசை மேல் மூன்று டிபன் கேரியர், ஒரு ஹெல்மெட், ஒரு தினசரி, யாரோ வாங்கி வைத்த கொய்யாப் பழம். வருகிற பலகை இதில் எதில் முட்டினாலும் திரும்பவும் பழைய கதைதான். ‘மேசையின் மேல் எதையும் வைக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் அந்தத் தாளின் மேலேயே டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது.

அதைத் தீர்த்தது அண்ணாச்சிதான். பிடிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா நின்றவர், மேசை மேல் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய் முதலாளியின் மேசை மேல் வைத்துவிட்டு வந்தார். கொய்யாப் பழத்தோடு. அதற்குப் பிறகு யாரும் அங்கே எதையும் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

ட்ராயர்களுக்கு நான் ஆங்கிலத்தில் பெயர் அச்சடித்து ஒட்டினேன். கீல் ஒரு வரிசை, கொண்டி ஒரு வரிசை, ஸ்க்ரூ அளவுவாரியாக ஒரு வரிசை. முதலாளி வந்து ஒவ்வொன்றாக இழுத்து மூடிப் பார்த்தார்.

“படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்” என்றார்.

நான்கு வருடத்தில் முதல் பாராட்டு. நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “ஒண்ணாந்தேதியிலருந்து நீதான் சூப்பர்வைசர். உனக்கு ஒரு சேர் வாங்கச் சொல்லியிருக்கேன். குருசாமிய இந்த மாசத்தோட நிப்பாட்டிருவோம். இனிமே பிடிக்கதுக்கு ஒண்ணும் இல்லல்லா.”

சேர் என்ற சொல் காதில் இருக்கும்போதே அடுத்த வாக்கியம் வந்து விழுந்தது.

“அவரு வேற வேலை பாப்பாரு சார்” என்றேன்.

“என்ன வேலை?”

எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் மேசையின் நீளம், அகலம், உயரம், ட்ராயரின் ஆழம் எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தேன். மேசை வந்து நிற்கும் இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் எங்கே போவார் என்பதற்கு அளவு போடவில்லை. அவருடைய இரண்டாவது மகள் நர்சிங் இரண்டாம் வருடம். அந்த வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் அவள்தான்.

‘ஒரு மேசை செய்யவா தாயி’ என்று அவர் கேட்டது என் படிப்பைப் பற்றி அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் கழித்து, கீல் ட்ராயரைத் திறந்தால் உள்ளே மணல்தாள் இருந்தது. ஸ்க்ரூ ட்ராயரில் கீல். அடுத்ததில் கதவுக்கு வேண்டிய எல்லாம் கலந்து, மூடி போட்ட டப்பாக்களில். எல்லாம் ஒரே மாதிரி டப்பா, ஒன்றிலும் எழுத்து கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே பஸ் ஏறி வந்தேன். அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பிளேடு அறையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணாச்சி மாத்துறீய? நான் பேர் ஒட்டியிருக்கேன்லா?”

“ஒட்டியிருக்க. யாரு வாசிக்கா?” என்றார் திரும்பாமல். “கதவு மாட்டப் போறவன் கீலுக்கு ஒரு அறை, கொண்டிக்கு ஒரு அறை, ஸ்க்ரூவுக்கு ஒரு அறைன்னு மூணு தடவை குனியணும். இப்ப ஒரு தடவை குனிஞ்சா போதும். கதவுக்கு ஒண்ணு, ஜன்னலுக்கு ஒண்ணு, பெஞ்சுக்கு ஒண்ணு. கடைசியா மாட்டுற சாமான் பின்வாசல் பக்கம். வண்டி அங்கதான நிக்கும்.”

கோபத்திலும் எனக்குப் புரிந்தது. அது என் அடுக்கைவிட நல்ல அடுக்கு.

“சரி. அப்ப டப்பா மேல எழுதிருவோம். எல்லாருக்கும் தெரியட்டும்.”

அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரிஞ்சா பொறவு நான் எதுக்கு? மரம் எங்க இருக்கணும்னு நீ யோசிச்ச. ஆளு எங்க இருக்கணும்னு நான் யோசிச்சிக்கிட்டேன். அம்புட்டுதான்.”

படித்த புத்தி சும்மா இருக்குமா? அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பதினெட்டு ட்ராயரையும் பின்னறையையும் திறந்து பார்த்து, எதில் எது என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணாச்சியை ஒரு நாள் லீவு போடச் சொல்லிப் பார்ப்பது. அவர் இல்லாமல் வேலை நடந்தால் நிறுத்திவிடலாம், மனசாட்சியும் உறுத்தாது. அண்ணாச்சிக்கும் அன்று மடவார் வளாகம் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து இருந்தது. போய்விட்டார். அதே நாளில் சர்ச் கமிட்டியிலிருந்து ஒரு பெரியவர் பெஞ்சுகளை ஏற்றிப் போக வேனோடு வந்து நின்றார்.

பெஞ்சுக்குக் கால்களைப் பிடிக்கும் தகடுகளை மாட்டிவிட்டால் ஏற்றிவிடலாம். இடது பக்கத்துத் தகடுகள் பெஞ்சு ட்ராயரிலேயே கிடைத்தன. வலது பக்கத்துத் தகடுகளைக் காணவில்லை. செல்வராஜ் அண்ணன் ஒவ்வொரு ட்ராயராக இழுத்தார். டப்பாக்களைத் திறந்தார், மூடினார். மேற்கே மழை பிடித்திருந்ததால் பாதி ட்ராயர் ஈரத்தில் உப்பி இறுகிப்போய், இழுக்கும்போதெல்லாம் அழுதது.

தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்பக்கம், பழைய பிளேடு அறை, இடது மூலை. என் நோட்டில் இருந்தது. நோட்டு பையில் இருந்தது. பை ஆணியில் தொங்கியது. நான்கு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

“ஏம்மா, நீ செஞ்ச மேசைதான? உனக்குமா தெரியாது?” என்றார் முதலாளி.

மனதில் என்னென்னவோ ஓடியது. ஒண்ணாந்தேதி. சேர். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லாத ‘சூப்பர்வைசர்’ என்ற சொல். வாயைத் திறந்து சொன்னால் எல்லாம் என்னுடையது, அண்ணாச்சி இல்லாமலும் பட்டறை நடக்கும் என்று நிரூபணமும் ஆகிவிடும். அதை நிரூபித்தவளும் நானாக இருப்பேன்.

“தெரியாது சார்” என்றேன்.

முதலாளி கமிட்டிப் பெரியவரிடம் திரும்பினார். “எம்புட்டு படிச்சு என்ன சார்? ஒரு தகடு எங்க இருக்குன்னு தெரியல. படிச்ச பிள்ள செஞ்ச மேசை. அதான் உள்ள போறது எதுவும் வெளிய வர மாட்டேங்குது.”

இந்த ஐந்து வருடத்தில் கையில் சிராய் ஏறியிருக்கிறது, காலில் சட்டம் விழுந்திருக்கிறது. எதற்கும் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. அன்று மரத்தூள் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். மிஷின் ஓடவே இல்லை என்பதை நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

“நீங்க மெதுவா தேடுங்க. நான் அதுக்குள்ள பைபிள்ல ரெண்டு சங்கீதம் வாசிச்சுக்கிடுதேன்” என்றார் பெரியவர். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே வாசித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு மணி நேரம் போன பிறகு முதலாளியே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. “பந்தியில உக்காந்துட்டேன் சார். பாயசம் மட்டும் வரணும். குடிச்சிட்டு வாரேன்.” முதலாளி கெஞ்சிக் கேட்டதை அன்றுதான் நாங்கள் முதல்முறை கேட்டோம். இன்னொரு மணி நேரத்தில், நெற்றியில் சந்தனமும் தேய்த்த சட்டையுமாக அண்ணாச்சி வந்து இறங்கினார். நேராக மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்து, பார்க்காமலேயே கையை விட்டுத் தகடுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இதுக்கா கூப்ட்டீய?” என்றார்.

வேன் போன பிறகு முதலாளி ஒரு புதுக் கண்டுபிடிப்பை அறிவித்தார். “ஸ்டோருன்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குன்னு ஒரு ஆளு வேணும். நான் ஆரம்பத்துலயே நெனச்சேன்.” அண்ணாச்சிக்கு அதே சம்பளம், அதே இடம், இருந்த இடத்தில் உட்கார ஒரு சேர். ஆம், அந்தச் சேர்தான். என் பதவியைப் பற்றி அவர் ‘பாப்போம்’ என்றார். நம் முதலாளியின் அகராதியில் அதற்கு என்ன பொருள் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

சாயங்காலம் கை கழுவும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். “ஏட்டி, பழைய பிளேடு அறையை நீ தொறந்திருக்க. நான் வச்ச மாதிரி கொண்டி இல்ல.”

“ஆமா.”

“தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னியா?”

“ஆமா.”

“படிச்ச பிள்ள இப்படியா புளுகுவ?” என்றார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் தவறு. “செல்வராஜும் புளுகியிருக்கான் பாரு. ரெண்டு மணி நேரமா வேணும்னே வேற அறையா தொறந்துருக்கான். அந்தத் தகட்டை அங்க கொண்டுபோய் அடுக்குனதே அவனும் நானும்தான்.”

உலகத்திலேயே பெரிய தியாகம் ஒன்றை நான் தனியாகச் செய்துவிட்டதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பட்டை இன்னும் ஆறாத ஒருவர் பக்கத்திலேயே நின்று, என்னைவிட நன்றாக நடித்திருக்கிறார்.

நான் சொன்ன பொய்யை உங்களுக்குப் பாடமாகத் தரவில்லை. அது வேலை செய்தது, அவ்வளவுதான். பெஞ்சு வாங்க வந்த பெரியவர் எந்தத் தவறும் செய்யாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அந்தப் பொய் தேவைப்படாமலே செய்திருக்கலாம். படம் வரையும் அன்றே அண்ணாச்சியை உட்காரவைத்து, “இது வந்துட்டா நீங்க என்ன வேலை பாப்பீய?” என்று கேட்டிருந்தால், என்னுடையதைவிட நல்ல அடுக்கு ஒன்று முதல் நாளே கிடைத்திருக்கும். கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பலகையைப் பிடிக்கிற ஆள், நான் வரைகிற ஆள் என்று நினைத்திருந்தேன். ஒருவரது கை செய்கிற வேலையை ஒரு பொருள் செய்யப்போகிறது என்றால், பொருளை வரைவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். பேசுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. சில சமயம் அது குறுக்கேதான் நிற்கிறது.

எனக்கு இங்கே மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ‘பாப்போம்’ என்ற சொல்லின் கீழ் ஒரு வருடம் வேலை பார்த்தேன். அதற்குள் வேறொன்று தயாராகிவிட்டது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் வன்னியம்பட்டி விலக்கில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பழைய ரம்ப மிஷின் ஒன்று வந்து இறங்கிவிட்டது. மரக்கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த முத்துமாரியும் ஜோதியும் என்னோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். மேசைக்கான தாளை விரித்ததும் முத்துமாரி முதலில் கேட்டது அதன் நீளத்தையோ அகலத்தையோ அல்ல.

“இது வந்துட்டா பின்னால ஆளே வேண்டாமேக்கா. அப்ப நாங்க என்ன செய்ய?”

“முன்னால நிக்கணும்” என்றேன். தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. மிஷினின் முன்பக்கம் அவர்கள் இருவர் பெயரையும் எழுதிவிட்டுத்தான் மேசையையே வரைந்தேன்.

இரண்டு வாரம் வெறும் பலகையில் தள்ளிப் பழகினார்கள், மிஷினைப் போடாமல். போன திங்கட்கிழமை மேசையின் கால்களுக்கான சட்டங்களை முத்துமாரி அறுத்தாள். ஜோதி அளந்து கொடுத்தாள். பின்னால் நின்று பிடித்தது நான். மேசை முடியும்வரை அது என் வேலை.